அந்த விலைக்கு நல்ல கார்

‘நன்றாகப் பாடுகிறார்’ என்பது பாராட்டு. ‘அந்த வயதுக்கு நன்றாகப் பாடுகிறார்’ என்பதும் பாராட்டுத்தான். ஆனால் அதைக் கேட்பவர் முகம் முழுவதுமாக மலர்வதில்லை. புதிதாக வந்து சேர்ந்தது நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ ஏற்ற ஒரு சொல் மட்டுமே. அந்தச் சிற்றுருபு பாராட்டைச் சுற்றி வேலி போட்டுவிடுகிறது. வேலிக்குள் நிற்கும்வரை அவர் சிறந்தவர். வெளியே வந்தால் கணக்கு வேறு.

அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் ஆர்வலர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலிக்குள் நின்று வாதாடி வந்தவர்கள். அவர்களது வாதத்தின் மையப்பொருள் செவர்லே நிறுவனத்தின் கார்வெட். ‘அந்த விலைக்கு இதைவிட நல்ல கார் கிடையாது’ என்பது ஆர்வலரின் பெருமிதம். ‘ஓர் அமெரிக்கக் காருக்கு, வளைவுகளில் நன்றாகவே திரும்புகிறது’ என்பது எதிர்த்தரப்பினரின் பெருந்தன்மை. இரண்டு தொடர்களிலும் அதே உருபு. முதலாவதில் அது கேடயம். இரண்டாவதில் அது குத்தல். ஒரே உருபைக் கேடயமாகத் தூக்கிக்கொண்டும் குத்தலாக வாங்கிக்கொண்டும் ஒரு சமூகம் இரண்டு தலைமுறை வாழ்ந்திருக்கிறது.

2019 ஜூலை 18 மாலையில் அந்த உருபை நீக்கும் முயற்சி அரங்கேறியது. கலிபோர்னியாவின் டஸ்டின் நகரில், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் வான்கப்பல்களுக்காகக் கட்டப்பட்ட பெருங்கொட்டகை ஒன்றில் எட்டாம் தலைமுறைக் கார்வெட் வெளியிடப்பட்டது. ஆர்வலர்கள் அதைச் சுருக்கமாக சி8 என்பார்கள். 1953 முதல் முன்பக்கத்தில் இருந்துவந்த எஞ்சின், இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வந்திருந்தது. ஃபெராரி, லம்போர்கினி போன்ற இத்தாலிய கார்களின் அமைப்பு அது. தொடக்க விலை 60,000 டாலருக்குள் இருக்கும் என்று மேடையில் அறிவிக்கப்பட்டபோது அரங்கம் ஆரவாரித்தது. அந்த ஆரவாரத்தின் பொருளை உணர, இந்தக் கார் பிறந்த கதையைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கார்வெட் ஒப்பீட்டிலேயே பிறந்தது. போருக்குச் சென்று திரும்பிய அமெரிக்க வீரர்கள் ஐரோப்பாவில் கண்ட சிறிய, திறந்த, இருவர் அமரும் கார்களின் நினைவோடு வந்தார்கள். ஜாகுவார் எக்ஸ்கே120 அவர்களது கனவாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல் அதற்கு ஓர் அமெரிக்க விடையைத் தர விரும்பினார். 1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் நடந்த கண்காட்சியில் அந்த விடை மேடையேறியது. அவ்வாண்டு 300 கார்கள் கட்டப்பட்டன. எல்லாம் வெண்ணிறம், உட்புறம் சிவப்பு, உடல் கண்ணாடியிழை. ஆனால் மூடியைத் திறந்தால் ஆறு சிலிண்டர்களும் 150 குதிரைத்திறனும் கொண்ட, குடும்பக் கார்களுக்கான எஞ்சினின் மேம்பட்ட வடிவம். கியரும் இரண்டே நிலைகள் கொண்ட தானியங்கி. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கிளட்சும் கைக்கியரும் வேண்டும் என்று நம்பியவர்கள் இதை ஏளனமாகப் பார்த்தார்கள்.

1955இல் கார்வெட் 700 மட்டுமே கட்டப்பட்டது. அதே மாடல் ஆண்டில் போட்டி நிறுவனமான ஃபோர்டின் தண்டர்பேர்டு 16,155 கட்டப்பட்டது. இத்தோடு கார்வெட்டை நிறுத்திவிடலாம் என்ற பேச்சு நிறுவனத்துக்குள் இருந்தது. ஃபோர்டிடம் களத்தை விட்டுக்கொடுக்க முடியாது என்ற மானமே அதைக் காப்பாற்றியது என்பது கார்வெட் வரலாற்றில் பலரும் சொல்லிவரும் செய்தி. அப்படிப் பார்த்தால் கார்வெட்டின் ஆயுளை நீட்டித்ததில் போட்டியாளருக்கும் பங்குண்டு.

அந்த வால்டார்ஃப் கண்காட்சியைக் கண்டவர்களுள் ஸோரா ஆர்க்கஸ் டன்டோவ் ஒருவர். 1909இல் பிரஸ்ஸல்ஸில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து, பெர்லினில் பொறியியல் கற்று, போரின்போது பிரான்சிலிருந்து தப்பி அமெரிக்கா சேர்ந்தவர். காரின் புற அழகு அவரை ஈர்த்தது. உள்ளிருந்த இயந்திரம் ஏமாற்றியது. 1953 மே மாதம் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தார். பின்னாளில் அவரைக் கார்வெட்டின் தந்தை என்றே ஆர்வலர்கள் அழைத்தார்கள். ஆனால் 1954, 1955 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் இந்தத் தந்தை பிரான்சின் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஓட்டி, தம் பிரிவில் வென்றது போர்ஷே 550 காரில். இன்று கார்வெட்டின் முதன்மைப் போட்டியாளராகச் சொல்லப்படும் அதே போர்ஷே. அந்த 550இன் எஞ்சின் ஓட்டுநருக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் இருந்தது.

கார்வெட்டின் எஞ்சினும் அங்கேதான் இருக்க வேண்டும் என்பது டன்டோவின் தீராத வேட்கை. 1960இல் அவர் உருவாக்கிய ஒற்றை இருக்கைச் சோதனை வண்டியில் எஞ்சின் பின்னால் இருந்தது. 1970இல் நியூயார்க் கண்காட்சியில் நடு எஞ்சின் முன்மாதிரி ஒன்று காட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் நிறுவனம் பின்வாங்கியது. செலவு மிகுதி, இருக்கும் காரே நன்றாக விற்கிறது, பிறகு எதற்கு மாற்றம்? டன்டோவ் 1975இல் ஓய்வு பெற்றார், 1996இல் மறைந்தார். அவரது அஸ்தி, கென்டக்கி மாநிலம் பௌலிங் கிரீனிலுள்ள தேசியக் கார்வெட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அருகிலேயே கார்வெட் ஆலை. அவர் மறைந்து 24 ஆண்டுகள் கழித்து, 2020இல் அந்த ஆலையிலிருந்து நடு எஞ்சின் கார்கள் வெளிவரத் தொடங்கின.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்ற வினாவுக்கு இயற்பியல் விடை தருகிறது. காவடித் தண்டின் இரு முனைகளிலும் பாரம் தொங்கும்போது உடலைச் சட்டெனத் திருப்ப முடியாது. அதே பாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டால் திரும்புவது எளிது. காரின் மிகக் கனமான உறுப்பு நடுவுக்கு வரும்போதும் இதுவே நிகழ்கிறது. மேலும், கார்வெட்டை உந்துபவை பின்சக்கரங்கள். எடை முன்பக்கம் இருந்தால் பின் டயர்களுக்குத் தரைப்பிடிப்பு போதாது. கூடுதலாகத் தரும் திறன் புகையாகப் போகும். 2019இன் முன் எஞ்சின் இசட்ஆர்1 காரின் திறன் 755 குதிரை. அது நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டுவதற்கு நிறுவனம் சொன்ன நேரம் 2.85 விநாடி. 495 குதிரைத்திறனே கொண்ட சி8, பந்தயப் பொருத்தங்களுடன், 2.9 விநாடியில் அதே வேகத்தை எட்டியது. 260 குதிரைகள் குறைந்தும் இழப்பு ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு. எஞ்சினின் இடத்தை மாற்றியதன் விளைவு இது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்வலர்கள் ஒப்பிடத் தொடங்கினார்கள். இங்கேதான் எண்கள் பேசும் மொழியைக் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க இதழ்கள் 60 மைல் நேரத்தை அளக்கும்போது, கார் முதல் ஓரடி உருண்ட பின்னரே கடிகாரத்தை ஓடவிடுவது வழக்கம். பழைய நேர்கோட்டுப் பந்தயத் தடங்களின் ஒளிக்கற்றை முறையிலிருந்து வந்த மரபு அது. ஐரோப்பாவில் நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வரை அளப்பது வழக்கம். முதல் ஓரடியில் கரையும் இரண்டு மூன்று பத்தில்-விநாடிகள் ஒரு மரபில் கணக்கில் வரும், மற்றதில் வராது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்து வென்றவர் யார் என்று தீர்ப்புச் சொல்பவர்கள், இரு மொழிச் சொற்களின் ஒலியொற்றுமையை மட்டும் பார்த்து அவற்றை இனச்சொற்கள் என்று கூறிவிடுபவர்களை நினைவூட்டுகிறார்கள்.

அளவுகோலைத் தேர்வதிலேயே சார்பு தொடங்கிவிடுகிறது. சி8இன் எஞ்சின் 6.2 லிட்டர்; அடிப்படை வகையில் 490 குதிரைத்திறன். அப்போதைய போர்ஷே 911 கரேராவின் எஞ்சின் 3 லிட்டர். டர்போ துணையுடன் 379 குதிரைத்திறன். லிட்டருக்கு எத்தனை குதிரை என்று கேட்டால் போர்ஷேக்கு 126, கார்வெட்டுக்கு 79. ஐரோப்பியப் பொறியியலின் மேன்மை இதோ என்பார் ஒருவர். டாலருக்கு எத்தனை குதிரை என்று கேட்டால் கணக்கு தலைகீழாகும். 59,995 டாலரில் தொடங்கிய கார்வெட்டில் ஒரு குதிரைத்திறனின் விலை ஏறத்தாழ 122 டாலர்; ஒரு லட்சம் டாலரை நெருங்கிய போர்ஷேயில் 250 டாலருக்கும் மேல். அமெரிக்க நேர்மை இதோ என்பார் மற்றவர்.

இரண்டு கேள்விகளுக்கும் வரலாறு உண்டு. 1970களின் இத்தாலியில் இரண்டு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட கார்களுக்கு வரி கடுமையாக இருந்தது. அதற்காகவே ஃபெராரி, இரண்டு லிட்டருக்குச் சற்றே குறைந்த எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் 208 என்ற காரை உருவாக்கியது. லிட்டர் அங்கே பணமாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் இயன்றவரை பிழிந்தெடுப்பது பொறியாளரின் அறமாயிற்று. பெட்ரோல் மலிவாகவும் எஞ்சின் கொள்ளளவுக்கு வரி இல்லாமலும் இருந்த அமெரிக்காவில் லிட்டர் இலவசம், டாலர்தான் பணம். பெரிய, எளிய, உறுதியான எஞ்சினை மலிவாகக் கட்டுவது அங்கே அறமாயிற்று. இரு ஆர்வலரும் தத்தம் நாட்டின் பழைய வரிவிதிகளை இயற்கை விதிகளாக எண்ணிக்கொண்டு வாதாடுகிறார்கள்.

போர்ஷே 911இன் கதையும் இதற்குச் சளைத்ததன்று. 1963இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் தோன்றிய நாள் முதல் அதன் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. இயற்பியலின்படி அது சங்கடமான இடம். அந்தச் சங்கடத்தை அறுபது ஆண்டுகள் செதுக்கிச் செதுக்கிப் போர்ஷே ஒரு தனித்தன்மையாக்கிவிட்டது. 2017இல் பந்தயத்துக்கான 911 ஆர்எஸ்ஆர் காரில் மட்டும் எஞ்சின் அச்சுக்கு முன்னால் நகர்ந்தது; விதி அனுமதித்தது, வெற்றி தேவைப்பட்டது. சாலைக்கான 911இல் நகரவில்லை. நகர்ந்தால் அது 911 ஆகாது என்று அதன் ஆர்வலர்கள் சொல்வார்கள். அதே வாதத்தைக் கார்வெட் ஆர்வலர் ஒருவர் முன்வைத்தால் மட்டும் அது பிற்போக்காகத் தோன்றுகிறது.

முன்வைத்தவர்கள் இருந்தார்கள். சி8 வெளியாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன், முன் எஞ்சின் வரிசையின் கடைசிக் கார் ஓர் அறக்கட்டளைக்காக 27 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. நீண்ட முன்மூடியை இருக்கையிலிருந்து பார்த்தபடி ஓட்டியவர்களுக்குப் புதிய கார் அந்நியமாக இருந்தது. அதைவிடப் பெரிய இழப்பு காலடியில் நிகழ்ந்தது. சி8இல் கிளட்ச் பெடல் இல்லை. எட்டு நிலை இரட்டைக் கிளட்ச் கியர் தானே மாற்றிக்கொள்ளும். வேண்டுமானால் ஸ்டியரிங்கின் பின்னுள்ள துடுப்புகளை விரலால் தொடலாம். எந்த மனிதக் கையையும்விட அது விரைவாக மாற்றும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இடக்கால் செய்துகொண்டிருந்த வேலை, தந்தை மகளுக்குக் காலியான வாகன நிறுத்துமிடத்தில் கற்றுக்கொடுத்த வேலை, விநாடிக் கணக்கில் வராத ஒன்று. நகை முரண் என்னவென்றால், ஜிடி3 போன்ற சில 911 வகைகளில் கைக்கியரைப் போர்ஷே இன்றும் தருகிறது. அமெரிக்க ஆர்வலர் தம் அடையாளமாக எண்ணியிருந்ததைத் தேடி ஜெர்மானியக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது.

‘அதைவிட இது நல்லது’ என்று தமிழில் சொல்லும்போது ‘விட’ என்ற சொல் நடுவே நிற்கிறது. விடுதல் என்ற வினையின் வடிவம் அது. ஒன்றை உயர்த்தும் தொடருக்குள்ளேயே மற்றொன்றை விடும் செயல் பொதிந்திருக்கிறது. நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை வகுத்தார். நீங்குதலும் ஒப்பிடுதலும் ஒரே உருபின் கீழ் வந்தன. சி8இன் கதையில் அந்த அண்மை கண்கூடாகத் தெரிகிறது. போட்டியாளரோடு முழுமையாக ஒப்பு நோக்கப்பட வேண்டுமானால், இருந்த இடத்திலிருந்து நீங்க வேண்டியிருந்தது.

ஆனால் விட்டுப்போனது எவ்வளவு தொன்மையானது என்றும் கேட்க வேண்டும். 1953இன் 300 கார்களில் ஒன்றில்கூடக் கிளட்ச் பெடல் இல்லை. கார்வெட்டின் ஆன்மா என்று கருதப்படும் வி8 எஞ்சினும் 1955இல்தான் வந்தது. மரபு என்று சொல்லப்படுவது பெரும்பாலும், சொல்பவர் இளைஞராக இருந்தபோது நிலவிய வழக்கு. மொழித் தூய்மை பேசுவோரிடமும் இதே பண்பைக் காணலாம். அதற்காக அவர்களது துயரம் பொய்யாகிவிடாது. ஒருவர் இழப்பது வரலாற்றின் தொடக்கத்தை அன்று; தம் வாழ்வின் தொடக்கத்தை.

2021 அக்டோபரில் வெளியான இசட்06 இந்த மாற்றத்தை ஒலிக்கும் கொண்டுசென்றது. வழக்கமான அமெரிக்க வி8இன் சுழல்தண்டில் மடிப்புகள் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கும். அதனால் இருபுறச் சிலிண்டர்களும் சீரற்ற முறையில் வெடித்து, அந்தத் தாழ்ந்த உறுமல் பிறக்கும். இசட்06இன் 5.5 லிட்டர் எஞ்சினில் மடிப்புகள் ஒரே தளத்தில் அமைந்தன. வெடிப்பு இரு புறமும் மாறி மாறிச் சீராக நிகழ, ஒலி உச்சத்துக்கு ஏறியது. நிமிடத்துக்கு 8,600 சுழற்சி வரை செல்லும் அந்த எஞ்சின் டர்போ இல்லாமலே 670 குதிரைத்திறன் தந்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 122. பழைய ஏளனத்துக்கு அதே அளவுகோலில் விடை கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் குரல் ஃபெராரி 458இன் குரலை ஒத்திருந்தது. ஃபெராரியோ தன் 458க்குப் பிந்தைய நடு எஞ்சின் வி8 காரில் டர்போவுக்கு மாறி, அந்தக் குரலை 2015லேயே கைவிட்டிருந்தது. மூல ஊரில் வழக்கொழிந்த உச்சரிப்பு, கடல் கடந்த ஊரில் உயிர்த்திருப்பதை மொழி பயில்வோர் நன்கறிவர்.

ஒப்பீட்டின் உச்சம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் நிகழ்ந்தது. 20.8 கிலோமீட்டர் சுற்று. 2022இல் போர்ஷே 911 ஜிடி3 ஆர்எஸ் அதை 6 நிமிடம் 49.328 விநாடியில் கடந்தது. 2025இல் கார்வெட் இசட்ஆர்1எக்ஸ், 6 நிமிடம் 49.275 விநாடியில் கடந்ததாகச் செவர்லே அறிவித்தது. இடைவெளி 0.053 விநாடி, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. கார்வெட்டில் 1,250 குதிரைத்திறன், மின்மோட்டார் துணை, நான்கு சக்கர உந்துதல். போர்ஷேயில் 518 குதிரைத்திறன், பின்சக்கர உந்துதல் மட்டும். ‘வென்றது அமெரிக்கா’ என்று ஒருவர் சொல்லலாம். ‘பாதிக்கும் குறைவான திறனில் இவ்வளவு நெருங்கியவர் யார்?’ என்று மற்றவர் கேட்கலாம். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். எண் இவ்வளவு துல்லியமான பிறகும் வாதம் ஓயவில்லை. ஓய வேண்டும் என்று இருவரும் விரும்பியதாகவும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. 2025ஆம் ஆண்டு மாடல் இசட்ஆர்1இன் விலை 1,74,995 டாலரில் தொடங்கியது. இசட்ஆர்1எக்ஸ் இரண்டு லட்சம் டாலரைத் தாண்டியது. ஜிடி3 ஆர்எஸ்ஸும் அப்படியே. அந்த உயரத்தில் இப்போது யாரும் ‘அந்த விலைக்கு நல்ல கார்’ என்று சொல்வதில்லை. ‘ஓர் அமெரிக்கக் காருக்கு’ என்றும் சொல்வதில்லை. நல்ல கார் என்கிறார்கள்; அவ்வளவுதான். உருபு உதிர்ந்துவிட்டது. டன்டோவ் விரும்பியது இதைத்தான்.

உருபோடு உதிர்ந்தவர்களும் உண்டு. ‘அந்த விலைக்கு’ என்ற தொடர் காரை மட்டும் குறித்ததில்லை. அந்த விலையைத் தரக்கூடிய ஒரு மனிதரையும் அது குறித்தது. முப்பது ஆண்டுகள் ஆலையில் உழைத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, ஓய்வு பெறும்போது தமக்கென ஒன்று வாங்கிக்கொள்பவர் அவர். கூரைப் பலகையைக் கழற்றிப் பின்பெட்டியில் வைக்க இடம் வேண்டும், அதே பெட்டியில் இரண்டு கோல்ஃப் பைகள் அடங்க வேண்டும் என்று சி8இன் பொறியாளர்கள் மெனக்கெட்டது அவரை மனத்தில் வைத்துத்தான். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வேலியாகத் தெரிந்தது, அவருக்கு மதிலாகவும் இருந்தது. உள்ளே அவரது இடம் உறுதியாக இருந்தது.

அந்த இடம் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. அடிப்படைக் கார்வெட் 2025இல் ஏறத்தாழ 70,000 டாலருக்குக் கிடைத்தது. அடிப்படை 911 கரேராவோ 1,20,000 டாலருக்கு மேல். அந்த விலைக்கு அதைவிட நல்ல ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டுவது இப்போதும் எளிதன்று. பௌலிங் கிரீன் ஆலையில் இரண்டு லட்சம் டாலர் காரும் 70,000 டாலர் காரும் ஒரே கூரையின் கீழ் உருவாகின்றன. முதலாவதை வாங்குபவர் அதைப் போர்ஷேயோடும் ஃபெராரியோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறார். இரண்டாவதை வாங்குபவர் பெரும்பாலும் தாம் முன்பு வைத்திருந்த கார்வெட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இடக்கால் மட்டும் இன்னும் சில காலம் இல்லாத பெடலைத் தேடும்.